மதில் சுவரும் வயிற்றுக்குள் ஒரு விளக்கும்



நம்ம ஹாஸ்டலின் பின்பக்க மதிலையும் அதன் மேலிருந்த கூர்க்கம்பிகளையும் எங்கள் செட் மறந்திருக்காது. மூன்றாம் வருடம், செகண்ட் ஷோ முடிந்து சுவரேறிய என் அறைத்தோழனுக்கு இடது விலாவின் அடியில் கம்பி பாய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு சேதமும் இல்லை! கம்பி குத்திய காயம் அரை அங்குலம். திறந்து பார்த்த தழும்பு ஒரு சாண். "தண்டவாளம் போட்டுட்டாங்கடா" என்று சிரித்தான். அந்த செமஸ்டரும் போயிற்று. டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. குடலில் ஓட்டை இருந்து, திறக்காமல் விட்டிருந்தால் ஆளே போயிருப்பான்.

ஆனாலும், திறக்காமல் பார்க்க வழியே இல்லையா? நான் படித்தது மெக்கானிக்கல். இருந்தாலும் கேள்வி விடவில்லை. தேடித் தேடிப் படித்தேன்.

1901இல் ஹாம்பர்க்கில் நடந்த மாநாட்டில் டிரெஸ்டன் மருத்துவர் கியோர்க் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றுக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, சிறுநீர்ப்பை பார்க்கும் குழாயை நுழைத்து உள்ளுறுப்புகளைப் பார்த்துக் காட்டினார். காரணம்தான் சுவாரசியம். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் காற்றழுத்தத்தாலேயே அமுக்கி நிறுத்தலாமா என்பது அவர் யோசனை. அந்த அழுத்தம் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் குழாய்! 1910இல் ஸ்டாக்ஹோமின் யாக்கோபேயஸ் இதை மனிதர்களிடம் செய்தார். பெரும்பாலும் வயிற்றில் நீர் கோத்தவர்களிடம். உள் ரத்தக்கசிவை நினைத்துப் பிறந்த கருவி, அடிபட்டவர்களுக்குப் பரவலாகப் பயன்பட மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஏன் தாமதம்? நம்ம துறை சமாச்சாரம்தான். குழாயின் நுனியில் குட்டி பல்பு. வெளிச்சம் போதாது, சூடு வேறு. உள்ளே சின்னச் சின்ன லென்ஸ்கள், நடுவே நீளமான காற்று இடைவெளி. இங்கிலாந்தின் ஹெரால்ட் ஹாப்கின்ஸ் 1959இல் இதை அப்படியே தலைகீழாக்கினார். இடைவெளியை நீளக் கண்ணாடித் தண்டுகளால் நிரப்பி, நடுவில் மெல்லிய காற்றையே லென்ஸாக வைத்தார். (அவர் இயற்பியல்காரர். இருந்தாலும் நம்ம ஆள் என்றே வைத்துக்கொள்வோம்!) 1960களில் ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் நிறுவனம் அதைத் தயாரித்தது. விளக்கும் வெளியே வந்து, ஒளி மட்டும் கண்ணாடி இழை வழியே உள்ளே போனது.

இதற்கிடையில் 1965இல் அமெரிக்காவின் ரூட் எளிய வழி ஒன்று சொன்னார். தொப்புளுக்குக் கீழே சிறு துளையிட்டு ஒரு லிட்டர் உப்புநீரை விட்டு, திரும்ப எடுத்துப் பார்ப்பது. கன மில்லிமீட்டருக்கு ஒரு லட்சம் சிவப்பணு இருந்தால் திற என்பது பிற்பாடு நிலைத்த கணக்கு. ஆனால் ரத்தம் இருக்கிறது என்று தெரியுமே தவிர, எங்கிருந்து என்று தெரியாது. தானே நின்றுவிட்ட கசிவுக்காகவும் பலர் வயிற்றைத் திறந்தார்கள். கண்ணால் பார்த்துவிடலாமே என்று 1970இல் தென்னாப்பிரிக்காவின் ஹெசல்சனும், 1976இல் அமெரிக்காவின் கசனிகாவும் அடிபட்ட வயிறுகளில் குழாயை இறக்கி, அனுபவத்தை எழுதினார்கள். 1980களில் வீடியோ கேமரா சேர்ந்ததும் அறையில் உள்ள எல்லோரும் திரையில் பார்க்க முடிந்தது.

1998இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த ஆய்வைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. இடது கீழ்நெஞ்சில் ஊடுருவும் காயம் பட்டு, திறக்க வேறு காரணமில்லாத 110 பேரைக் குழாய் வழியே பார்த்ததில் 26 பேருக்கு உதரவிதானம் கிழிந்திருந்தது. கிட்டத்தட்ட நம்ம ஆளுக்குக் கம்பி ஏறிய அதே இடம்! சி.டி. ஸ்கேனில் இந்தச் சின்னக் கிழிசல் தப்பிவிடும். வருடக்கணக்கில் கழித்து, குடல் அதன் வழியே நெஞ்சுக்குள் ஏறிக்கொள்ளும்.

எல்லாருக்கும் இது ஆகாது. ரத்த அழுத்தம் விழுகிறவனுக்கு உடனே திறப்பதுதான் வழி. குடலின் சிறு ஓட்டை திரையில் தப்பலாம். உதரவிதானம் கிழிந்திருந்தால் உள்ளே ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு நெஞ்சுக்குள் புகுந்து நுரையீரலை அமுக்கும். அழுத்தமானியில் 12, 15 என்று ஓடும் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு உயிர் இருக்கிறது.

இதையெல்லாம் போனில் அவனிடம் சொன்னேன். "அப்ப அந்த ஆஸ்பத்திரியில அந்தக் குழாய் இல்லையாடா?" என்றான். பிற்பாடு விசாரித்து வைத்திருந்தேன். இருந்ததாம். ராத்திரி இரண்டு மணிக்கு அதை எடுத்துக் கையாளத்தான் ஆள் இல்லை.