அஃபிலியேட் புரோகிராம்: கமிஷன் சதவிகிதத்தை மட்டும் பார்த்துச் சேரலாமா?

பெங்களூருவில் அல்சூருக்குப் பக்கத்தில் இருக்கும் மர்பி டவுனில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அங்கே வாடகைக்கு இருந்துகொண்டு, பகலில் ஐடி வேலை, ராத்திரியில் சொந்த வெப்சைட் என்று ஓட்டுபவர் நீங்கள் என வைத்துக்கொள்வோம். மிக்ஸி, கிரைண்டர், ஹெட்போன் பற்றித் தமிழில் அலசி எழுதுகிறீர்கள். 'இதுல ஏதாவது வருமானம் பார்க்கலாமே' என்று தோன்றுவது இயல்புதான். ஆனால், எந்தப் புரோகிராமில் சேர்வது?

அஃபிலியேட் என்றால் என்ன?

உங்கள் தளத்தில் உள்ள லிங்க்கைத் தட்டி ஒருவர் பொருள் வாங்கினால், விற்கும் நிறுவனம் உங்களுக்குக் கமிஷன் தரும். 1996-ல் அமேசான் தொடங்கிய திட்டம்தான் இந்த முறையைப் பரவலாக்கியது. இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நிறுவனத்திடம் நேரடியாகச் சேர்வது. இன்னொன்று, கியூலிங்க்ஸ், எர்ன்கரோ, விகமிஷன் போன்ற நெட்வொர்க் வழியாகச் சேர்வது. நெட்வொர்க்கில் ஒரே கணக்கில் பல கடைகள் கிடைக்கும். ஆனால், அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதி உங்களுக்கு வரும்.

அதிக சதவிகிதம், அதிக வருமானமா?

இல்லை. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். இரண்டு கடைகளுக்கும் தலா 1,000 கிளிக் அனுப்புகிறீர்கள்.

முதல் கடை 8% கமிஷன் தருகிறது. ஆனால், அவ்வளவாகப் பெயர் தெரியாத கடை. 5 பேர்தான் வாங்குகிறார்கள். சராசரி ஆர்டர் 1,500 ரூபாய் என்றால் கமிஷன் 600 ரூபாய். ஒருவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் 480 ரூபாய்.

இரண்டாவது கடை தருவது 3% மட்டுமே. எல்லோருக்கும் பழகிய கடை என்பதால் 30 பேர் வாங்குகிறார்கள். சராசரி ஆர்டர் 1,200 ரூபாய் என்றால் கமிஷன் 1,080 ரூபாய். மூவர் திருப்பி அனுப்பினாலும் 972 ரூபாய் மிஞ்சும்.

அதாவது, முதல் கடையில் ஒரு கிளிக்குக் கிடைப்பது 48 பைசா. இரண்டாவதில் 97 பைசா. ஒப்பிட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

சேர்வதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

குக்கீ காலம்: லிங்க்கைத் தட்டியவர் எவ்வளவு நேரத்துக்குள் வாங்கினால் உங்கள் கணக்கில் சேரும் என்பதே இது. அமேசானில் 24 மணி நேரம். அதற்குள் கார்ட்டில் போட்டுவிட்டால், சில நாள் கழித்து ஆர்டர் செய்தாலும் கமிஷன் உண்டு. புத்தகத்துக்கு 24 மணி நேரம் போதும். வீட்டில் பேசி, விலை விசாரித்து வாங்கும் ஃபிரிட்ஜுக்குப் போதாது.

விதி மாற்றம்: 2020 ஏப்ரலில் அமேசான் அமெரிக்காவில் ஃபர்னிச்சருக்கான கமிஷனை 8%-லிருந்து 3% ஆகவும், மளிகைக்கு 5%-லிருந்து 1% ஆகவும் குறைத்தது. அதை மட்டுமே நம்பியிருந்த தளங்களின் வருமானம் சரிந்தது. எனவே, ஒரே புரோகிராமை நம்பி வேலையை விட்டுடாதீங்க.

பணம் எப்போது வரும்: திருப்பி அனுப்பும் காலம் முடிந்த பிறகுதான் கமிஷன் உறுதியாகும். வாரங்கள், சில இடங்களில் மாதங்கள்கூட ஆகும். குறைந்தபட்ச பேஅவுட் தொகையையும் பாருங்கள்.

தடைகள்: சொந்த லிங்க்கில் உங்களுக்காகவே பொருள் வாங்குவதைப் பல புரோகிராம்கள் அனுமதிப்பதில்லை. விதியை மீறினால் கணக்கு மூடப்படலாம், சேர்ந்த கமிஷனும் போய்விடலாம்.

வரி, சட்டம் என்ன சொல்கிறது?

கமிஷனுக்கான டிடிஎஸ் 2024 அக்டோபரில் 5%-லிருந்து 2% ஆகக் குறைந்தது. 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். பான் தராவிட்டால் 20% போய்விடும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இந்த வருமானத்தை ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, விற்பவரோடு உங்களுக்குப் பண உறவு இருந்தால் அதைக் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். அதுவும் பரிந்துரை எந்த மொழியிலோ அதே மொழியில். தமிழில் எழுதிவிட்டு, அடியில் பொடி எழுத்தில் ஆங்கில வரி போட்டால் போதாது. தவறாக வழிநடத்தும் பரிந்துரைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை.

பங்குச் சந்தை பற்றி எழுதுபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை: பதிவு பெறாமல் முதலீட்டு ஆலோசனை சொல்பவர்களோடு தரகு நிறுவனங்கள் தொடர்பு வைக்க 2024 ஆகஸ்டில் செபி தடை போட்டது.

வேலையில் இருப்பவர்கள், நியமன ஒப்பந்தத்தில் பக்க வருமானம் பற்றி என்ன இருக்கிறது என்பதையும் படித்துவிடுங்கள். போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்ததாக 300 பேரை நீக்கியதாக, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட விப்ரோ 2022 செப்டம்பரில் அறிவித்தது. வெப்சைட் நடத்துவது அதே வகை அல்ல. ஆனாலும், கேட்டுவைப்பது நல்லது.

எப்படித் தொடங்கலாம்?

உங்கள் வாசகர்கள் ஏற்கெனவே வாங்கும் கடைகளில் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மாதம் இரண்டையும் ஓட்டி, கிளிக், ஆர்டர், திரும்பிவந்தவை, கையில் வந்த பணம் என நான்கையும் ஒரு ஷீட்டில் குறியுங்கள். பிறகு ஒரு கிளிக்குக் கிடைத்ததை ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

ஒரு பொருளை உங்க அம்மாவுக்கு வாங்கித் தர மாட்டீங்கன்னா, கமிஷன் எவ்வளவு இருந்தாலும் அதன் லிங்க்கைப் போடாதீர்கள். ஒருமுறை ஏமாந்த வாசகர் அடுத்த லிங்க்கைத் தட்ட மாட்டார்.