ஒரு பிடி அரிசி என்ன செய்யும்?

1848 என்று சொன்னால் மாத்தளைப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஞாபகம் வருவது கிளர்ச்சிதான். ஆளுநர் டொரிங்டன் நாய்க்கு வரி போட்டார், துவக்குக்கு வரி போட்டார். போதாததுக்கு, வருடத்தில் ஆறு நாள் வீதி வேலை செய்யவேணும், இல்லாட்டி 3 ஷில்லிங் கட்டவேணும் என்று ஒரு சட்டமும் வந்தது. கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் சனத்தைத் திரட்டி எழும்பினார்கள். ஓகஸ்ட் 8ஆம் திகதி புரன் அப்புவைக் கண்டியில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே 1848இல் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு 26 வயதுகூட ஆகவில்லை. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். மிஷன் பள்ளிகளுக்குக் கடல் கடந்து காசு வரும். இவருக்கு எங்கிருந்து வரும்? வீடு வீடாகப் பிடியரிசி கேட்டார்.

பிடியரிசி எப்படி என்றால், உலைக்கு அரிசி அளக்கும்போது அந்த வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போட்டு வைப்பார். பிறகு ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். அவ்வளவுதான். ஒரு பிடி குறைந்ததால் அன்றைக்கு யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆனா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு பிடி 50 கிராம் என்று வைத்தால், 100 வீட்டில் ஒரு நாளைக்கு 5 கிலோ. மாதத்துக்கு 150 கிலோ.

இதில் பெரிய விஷயம் 150 கிலோ இல்லை. அடுத்த மாதமும் அது வரும் என்ற நம்பிக்கைதான். எப்போதாவது ஒருமுறை வரும் பெரிய காசில் ஒரு கட்டடம் கட்டலாம், திறப்புவிழா வைக்கலாம். ஒரு வாத்தியாரை வருடக்கணக்கில் வைத்திருக்க முடியாது. மாதாமாதம் தவறாமல் வரும் சின்னக் காசுதான் வாத்தியாரை நிற்க வைக்கும்.

நாவலர் அத்தோடு நிற்கவும் இல்லை. 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். ஒரு நாள் சோறு அன்றோடு முடியும். ஒரு பாடப்புத்தகம் அண்ணன் படித்து, தம்பி படித்து, பக்கத்து வீட்டுக்கும் போகும்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேணும். நாவலர் சாதி ஒழுங்கைக் கேள்வி கேட்டவர் இல்லை. அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசல் எல்லாப் பிள்ளைக்கும் திறந்திருக்கவில்லை. கொடை சின்னதா பெரிசா என்பதைப் போலவே, அது யாருடைய பிள்ளைக்குப் போகிறது என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான்.

நூறு வருடம் கழித்து ஒஸ்ரியாவிலும் இதே கணக்கு வேலை செய்தது. 1949இல் ஹெர்மன் மைனர் என்ற இளைஞர் 600 ஷில்லிங்கோடு எஸ்.ஓ.எஸ். சிறுவர் கிராமத்தைத் தொடங்கினார். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக, மாதம் ஒரு ஷில்லிங் தாங்க என்றுதான் சனத்திடம் கேட்டார். அந்த இயக்கம் பிறகு பிலியந்தலை வரைக்கும் வந்து சேர்ந்தது.

இப்ப மறுபடியும் மாத்தளைக்கு வருவோம். 1848 காலத்தில் தலைமன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நம்ம ஆட்கள். 2023 ஓகஸ்டில், மலையகம் 200 நடைபயணம் அந்தப் பாதையின் நினைவாகத்தான் மாத்தளையில் வந்து முடிந்தது. அவர்களின் பிள்ளைகளுக்குப் பாடசாலை கொடுக்கவேண்டியது தோட்டத்தின் கடமை என்று சட்டம் வந்ததே இருபதாம் நூற்றாண்டில்தான். 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பள்ளிகள் பெரும்பாலும் ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு என்றே கிடந்தன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பெடுக்க 1970கள் ஆகிவிட்டன.

இன்றைக்கு ஜனவரி பிறந்தால் தோட்டங்களுக்குக் கொப்பியும் பேக்கும் வந்துவிடும். நல்லதுதான், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனா பெப்ரவரியில்? ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை டவுன் பாடசாலைக்குப் போக ஒவ்வொரு நாளும் பஸ் காசு வேணும். ஒரு வருடத்தில் தேய்ந்து போகும் பேக்கை விட, அந்த பஸ் காசு பல வருடம் நிற்கும். அதுதான் அந்தப் பிள்ளையை ஓ.எல். வரைக்கும் கொண்டுபோகும்.

3 ஷில்லிங்கும் சின்னக் காசுதான், ஒரு பிடி அரிசியும் சின்னதுதான். ஒன்றைப் பிடுங்கினார்கள், சனம் எழும்பியது. மற்றதை வண்ணார்பண்ணைச் சனம் தானாகக் கொடுத்தது. ஏனென்றால் தன் அரிசி எங்கே போகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. சரியாக நடக்காவிட்டால் அடுத்த நாள் பானையில் அரிசி இருக்காது.

நம்ம செட்டில் 30 பேர் மாதம் 200 ரூபா போட்டால் 6,000 ரூபா. அதை வைத்து ஒரு தோட்டத்தில் ஒரு சில பிள்ளைகளின் பஸ் செலவைப் பார்க்கலாம். கணக்கை மாதாமாதம் எல்லாருக்கும் காட்டவேணும். பிள்ளைகளின் படத்தைப் போஸ்ட் போடத் தேவையில்லை. முக்கியமாக, மூன்றாவது மாதத்தில் நிறுத்தக் கூடாது.