சாவுமேளமும் கறுப்புச் சட்டையும்



இருட்டு இசை என்றதும் இன்றைய மாணவர்களின் நினைவுக்கு வருவது மேற்கத்திய இசைக்குழுக்கள்தான். கறுப்பு உடை, கண்ணைச் சுற்றி மை, சுடுகாட்டையும் சாவையும் பற்றிய பாட்டு. அந்த வரலாறு தெரிந்துகொள்ளத் தக்கது. சாவை நடுவில் வைத்து, ஊருக்கு வெளியே நின்று வாசித்த இன்னொரு மரபு நம் சேரிகளில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 'விலக்கப்பட்டவர்' என்ற அடையாளத்தை யார் விரும்பி எடுத்துக்கொண்டார்கள், யார் தலையில் அது ஏற்றப்பட்டது என்பது விளங்கும்.

முதலில் அவர்கள் கதை. 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பங்க் இசை கிளம்பியது. 'பங்க்' என்பது போக்கிரி, உதவாக்கரை என்ற பொருளில் வழங்கிய வசைச்சொல். அதையே அந்த இளைஞர்கள் பெயராக்கிக்கொண்டார்கள். இசைப்பள்ளி வேண்டாம், பெரிய கம்பெனி வேண்டாம், நாமே வாசிப்போம், நாமே பதிவு செய்வோம் என்பது அவர்கள் கொள்கை. அந்த மரத்தின் இருண்ட கிளைதான் பின்னால் 'டெத்ராக்' என்றும் 'காத்' என்றும் பெயர் பெற்றது. 1979இல் இங்கிலாந்தின் நார்தாம்டன் நகரத்துக் குழுவான பௌஹவுஸ், டிராகுலா வேடமிட்ட நடிகர் பெலா லுகோசி பற்றிய ஒன்பது நிமிடப் பாட்டை வெளியிட்டது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 'கிறிஸ்டியன் டெத்' குழு உருவானது. 1982இல் லண்டன் சோஹோவில் திறந்த 'பேட்கேவ்' என்ற இரவு விடுதி இவர்கள் கூடும் இடமாயிற்று. 'காத்திக்' என்பதும் ஒரு காலத்தில் காட்டுமிராண்டித்தனம் என்ற பொருளில் சொல்லப்பட்ட வசைதான். அந்த பௌஹவுஸ் பாட்டில் ஜமைக்காவின் டப் இசை கலந்திருக்கிறது. வெள்ளை இளைஞர்களின் இருட்டுக்கு அடியிலும் கறுப்பின மக்களின் தாளம் ஓடியது.

வசையைப் பெயராக்கிக்கொள்வது துணிச்சல்தான். ஆனால் உலகத்தின் பெரிய வசை ஒன்று எங்கிருந்து போனது? ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் 'பரையா' என்ற சொல் தமிழின் பறையர் என்ற சொல்லிலிருந்து போனது. ஓர் இசைக்கருவியின் பெயர் ஒரு மக்களின் பெயராயிற்று. அந்த மக்களின் பெயர் உலகம் முழுவதற்கும் இழிசொல்லாயிற்று. இன்றும் செய்தித்தாள்கள் ஒரு நாட்டைத் தூற்ற அந்தச் சொல்லைக் கூசாமல் எழுதுகின்றன.

இந்த வீழ்ச்சியை அளக்க மரக்காணம் கரை நல்ல இடம். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை இந்தப் பக்கத்து நூல். ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனை நல்லூர் நத்தத்தனார் பாடியது. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணத்தை ஒட்டிய கரை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உப்பு ஏற்றிச் செல்லும் உமணர்களும் அந்த நூலில் வருகிறார்கள். அதன் நாயகன் யாழ் ஏந்திய ஏழைப் பாணன். அவன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. அவன் மனைவி குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அடுத்தவர் பார்த்துவிடக் கூடாதென்று கதவடைத்து உண்கிறாள். உப்பு விளையும் நாட்டை நோக்கி நடக்கும் கலைஞனின் கஞ்சியில் உப்பில்லை.

வறுமை இருந்தும் அன்றைய பாணனுக்கு அரசவையில் இடம் இருந்தது. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கு குடிகளைச் சிறப்பித்துச் சொல்கிறது. சில நூற்றாண்டுகள் கழித்து, முதலாம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. நிலம் கோயிலுக்கும் பிரமதேயத்துக்கும் போன காலமும் சேரி எல்லை கட்டப்பட்ட காலமும் ஒன்றே. பறை சாமிச்சாட்டுக்கும் வாழ்த்துக்கும் உரிய அடிகளை இன்னும் வைத்திருக்கிறது. ஆனால் ஊரின் காதில் அது சாப்பறையாக மட்டும் சுருங்கியது. ஊரில் யார் செத்தாலும் அடிக்க வேண்டும். கூலி என்பது கொடுத்ததை வாங்கிக்கொள்வது. மறுத்தால் அடி.

பங்க் இளைஞன் இரவில் கண்ணில் மை பூசினான், காலையில் கழுவினான். பறையடித்தவரால் அப்படிக் கழுவிக்கொள்ள முடியவில்லை. 2013 ஏப்ரல் 25, சித்திரை முழுநிலவு நாளில் மரக்காணத்தில் தலித் மக்களின் குடிசைகள் எரிந்தபோது, யார் பறையடிக்கிறார், யார் உப்பளத்தில் கூலி செய்கிறார், யார் பட்டம் படிக்கிறார் என்று நெருப்பு பிரித்துப் பார்க்கவில்லை. திணிக்கப்பட்ட அடையாளம் இப்படித்தான் வேலை செய்கிறது.

அதனால்தான் நம் இயக்கங்களில் நெடுநாளாக ஒரு விவாதம் நடக்கிறது. ஒரு தரப்பு, பறை இழிவின் சின்னம், அதைத் தூக்கி எறிவோம் என்றது. பல ஊர்களில் நம் மக்கள் சாவுக்கு அடிக்க மறுத்தார்கள், அதற்கு விலையும் கொடுத்தார்கள். இன்னொரு தரப்பு, கருவியில் இழிவில்லை, கட்டாயத்தில்தான் இழிவு என்றது. மதுரையில் இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு நாட்டார் இசையை விடுதலையின் மொழியாக்கினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். அலங்காநல்லூர் வேலு ஆசான் 2025இல் பத்மஸ்ரீ பெற்றார். இரு தரப்பையும் எதிரிகளாக நாம் பார்க்கத் தேவையில்லை. மறுத்தவர்கள் கட்டாயத்தை உடைத்தார்கள். உடைந்த பிறகே மேடையில் அடிப்பது உரிமையாயிற்று.

சென்னையில் இதன் இன்னொரு முகம் மரண கானா. வடசென்னையின் துறைமுகக் கூலிகளும் ஆலைத் தொழிலாளர்களும் வாழ்ந்த குடியிருப்புகளில், செத்தவரின் வாழ்க்கையை இரவெல்லாம் பாடிய பாட்டு அது. நம் ஊரின் டெத்ராக் எது என்று கேட்டால் நாம் இதைத்தான் காட்டுவோம். இங்கே சாவு அலங்காரப் பொருளன்று. மூப்படையுமுன் சாகும் உழைப்பாளிகளின் கணக்கு அது. அந்த கானாவும் பறையும் ராக் கிதாரும் ராப்பும் ஒரே மேடையில் சேர்ந்தது 2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கத்தில். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி அது. அந்தப் பெயர், பண்டிதர் அயோத்திதாசர் முன்வைத்த 'சாதி பேதமற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து வந்தது. குழுவில் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

பங்க் இளைஞர்கள் வசையைச் சூடிக்கொண்டார்கள். அயோத்திதாசர் அதை ஏற்கவே மறுத்து, சாதிக்கு முந்திய பெயரைத் தேடினார். நமக்கு இந்த இரண்டாவது வழியே பொருந்தும் என்று நாம் கருதுகிறோம். பங்க்கிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது உடையை அல்ல, யாருடைய அனுமதிக்கும் காத்திராத அந்தத் தற்சார்பை.

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மரக்காணம் அளத்துப் பாத்திகளில் வரப்பு மிதிக்கும் பெண்களிடமும் சேரியின் மூத்த கலைஞர்களிடமும் போய் உட்காருங்கள். ஒப்பாரியையும் அடிகளின் பெயர்களையும் அவர்கள் சம்மதத்தோடு, உரிய கூலி கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயரைப் பதிவில் முதலில் போடுங்கள். எந்த ஊரிலாவது நம்மவரைச் சாவுக்குப் பறையடிக்கவோ குழி தோண்டவோ கட்டாயப்படுத்தினால் சும்மா இருக்காதீர்கள். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி பிணம் சுமக்க வைப்பதும் குழி தோண்ட வைப்பதும் குற்றம். கட்டாய உழைப்பு எதுவாயினும் குற்றம்தான். பறை நம் கையில் இருக்கட்டும். எப்போது அடிப்பது, யாருக்காக அடிப்பது என்பதை நாமே முடிவு செய்வோம்.

ஜெய் பீம்.