கரையேறிய பின் மறவாதவர்கள்

ஆண்டுதோறும் ஆனித் திங்களையொட்டி, மழை மேகங்கள் சகியாத்திரி மலையைக் கடந்து வரும் நாட்களில், துக்காராம் சுவாமிகளின் பல்லக்கு தேகூவினின்று பண்டரிபுரம் நோக்கிப் புறப்படுகிறது. தேகூவை நீங்கியபின் முதல் இரவு அது தங்கும் இடம் நம் ஆகுர்டியிலுள்ள விட்டல் கோயிலாகும். அன்று இவ்வூரார் முன்பின் அறியாத பல்லாயிரம் பேருக்கு நீர் தருகின்றனர், உணவு தருகின்றனர், திண்ணையில் படுக்க இடம் தருகின்றனர். பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறிய நாமும் ஒரு காலத்தில் வழிப்போக்கராகவே வந்தோம். ஆகவே, வழிப்போக்கரின் வேண்டுதல் எத்தகையது, அவ்வேண்டுதல் நிறைவேறியபின் அவர் கடமை யாது என்னும் கேள்வி நமக்குப் புறம்பானதன்று. இக்கேள்விக்குத் தம் வாழ்வினாலேயே விடை தந்தவர் சிலர் நம் சோழ மண்டலக் கடற்கரையில் வாழ்ந்தனர். அவர்கள் தமிழ் முஸ்லிம் கடலோடிகள். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம்.

இஸ்லாம் இறைவன்மீது வைக்கும் முழு நம்பிக்கையைத் 'தவக்குல்' என்று வழங்கும். தன் பொறுப்பை இறைவனிடம் ஒப்படைத்து மனம் அமைதியுறுதல் என்பது அதன் பொருள். இச்சொல்லைச் சோம்பலுக்குப் போர்வையாக்கிக் கொள்ளுதல் கூடாது என்பதற்கு நபிகள் நாயகம் அவர்களின் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமலே நம்புவதா என்று ஒருவர் வினவினார். முதலில் கட்டு, பிறகு நம்பு என்னும் கருத்துப்பட நாயகம் விடையிறுத்தார்கள். மற்றோரிடத்தில் பறவைகளை உவமை காட்டினார்கள். காலையில் ஒட்டிய வயிற்றோடு கூட்டை விட்டுச் செல்லும் பறவை மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகிறது. உணவளிப்பவன் இறைவனே, எனினும் பறவை கூட்டை விட்டுப் பறந்தாக வேண்டும். பிறந்த ஊரை விட்டுப் பறந்து வந்த நமக்கு இவ்வுவமையின் பொருள் எளிதில் விளங்கும்.

பயணியின் துன்பத்தை அச்சமயம் நன்கு உணர்ந்திருக்கிறது. நாள்தோறும் ஐந்து வேளைத் தொழுகை கடமையாயினும், பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளச் சலுகை உண்டு. ஜக்காத்து என்னும் ஏழை வரியைப் பெறுதற்கு உரியவர் எண்வகையினர். வழியில் கைப்பொருளின்றித் தவிக்கும் பயணியும் அவர்களுள் ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலாகத் திருக்குர்ஆன் கடற்பயணம் ஒன்றைக் காட்டி மனித மனத்தின் சிறுமையை எடுத்துரைக்கிறது. கப்பலில் ஏறி அஞ்சும்போது மனிதர் இறைவனைத் தூய உள்ளத்தோடு அழைக்கின்றனர்; அவன் அவர்களைக் கரை சேர்த்ததும் அவனை மறந்துவிடுகின்றனர் என்பது அதன் கருத்து. புயலில் வேண்டாதார் யார்? பக்தியின் உரைகல் நடுக்கடலில் இல்லை, கரையில் இருக்கிறது.

இனி அக்கரைக்குச் செல்வோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளில் மரக்காயர் எனப்படும் வணிகப் பெருமக்கள் வாழ்ந்தனர். மரக்கலத்தால் வாழ்ந்தமையின் அப்பெயர் பெற்றனர் என்பாரும் உளர். துணியும் அரிசியும் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கும் மலேயாவுக்கும் சுமத்திராவுக்கும் அவர்கள் சென்றனர். புறப்படுமுன் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து, குங்கிலியம் பூசிக் கலப்பற்றுப் பார்ப்பர், பாயையும் கயிற்றையும் சோதிப்பர், பருவக்காற்றுக்குக் காத்திருப்பர். ஒட்டகத்தைக் கட்டும் வேலை அது. அவ்வேலை முடிந்தபின் எஞ்சி நிற்பது கடல்; அதற்கு மேல் இறைவன்.

இக்கடலோடிகளின் நெஞ்சில் இடம் பெற்றவர் நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை ஆவார். வடநாட்டு மாணிக்கப்பூரில் பிறந்து, பல நாடு சுற்றி, பதினாறாம் நூற்றாண்டில் நாகூரை அடைந்து அங்கேயே அடக்கமானார் என்பது மரபு. அவரும் ஒரு வகையில் குடியேறியவரே. தஞ்சை நாயக்க மன்னர் ஒருவரின் நோயைத் தீர்த்து, அதன் பயனாய் நிலம் பெற்றார் என்பர். அவரைப் பற்றிய கதைகளுள் ஒன்று கடலோடிகளிடையே பெரிதும் வழங்குகிறது. ஆண்டகை முகம் மழித்துக்கொண்டிருந்த வேளையில், நடுக்கடலில் ஒரு கப்பலின் அடியில் ஓட்டை விழுந்தது, மாலுமிகள் கதறினர். அவர் தம் கையிலிருந்த கண்ணாடியை வீசியெறிய, அது பறந்து சென்று ஓட்டையை அடைத்தது என்பது கதை. வரலாற்று ஆசிரியன் இதனைக் கதை என்றே கொள்வான். ஆயினும் கதைக்கும் ஒரு வரலாறு உண்டு. எத்தனை கப்பல்கள் ஓட்டை விழுந்து மூழ்கியிருந்தால், எத்தனை தாய்மார் கரையில் நின்று அழுதிருந்தால், இப்படி ஒரு கதை அம்மக்களின் உள்ளத்தில் வேரூன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தில் மராட்டிய மண்ணில் வாழும் நாம் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. சத்திரபதி சிவாஜியின் பாட்டனார் மாலோஜி போன்ஸ்லே மகப்பேறின்றி வருந்தினார் என்றும், அகமதுநகரில் (இன்று அகில்யாநகர்) அடக்கமான ஷா ஷரீப் என்னும் முஸ்லிம் பெரியாரை நேர்ந்துகொண்டார் என்றும், பிறந்த மக்களுக்கு அப்பெரியாரின் பெயரையே பகுத்து ஷாஹாஜி, ஷரீப்ஜி எனப் பெயரிட்டார் என்றும் மராட்டிய மரபு கூறும். ஷாஹாஜியின் மைந்தருள் ஒருவர் சிவாஜி; மற்றொருவர் ஏகோஜி. ஏகோஜி 1676ஆம் ஆண்டளவில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவினார். அவர் பேரர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்டார். நாகூர் தர்காவின் ஐந்து மனோராக்களுள் மிக உயர்ந்ததும், 131 அடி உயரமுடையதுமான பெரிய மனோராவைக் கட்டியவர் இப்பிரதாபசிம்மரே. மகப்பேறு வேண்டிச் செய்த நேர்ச்சை நிறைவேறியமையால் அதனைக் கட்டினார் என்பது நாகூர் வழக்கு. அவருக்குப் பின் வந்த துளஜா மன்னர் 4,000 ஏக்கர் நிலத்தைத் தர்காவுக்கு வழங்கினார்.

மாலோஜியிலிருந்து ஐந்தாம் தலைமுறை பிரதாபசிம்மர். முன்னவர் அகமதுநகரில் வேண்டினார். பின்னவர் நாகூரில் வேண்டினார். நாடு மாறிற்று, மொழி மாறிற்று, வேண்டும் நெஞ்சின் ஏக்கம் மாறவில்லை. புனேயைத் தம் குடும்பத்தின் பரகணாவாகப் பெற்றிருந்த போன்ஸ்லே மரபினர் நம் தஞ்சை நாட்டில் குடியேறி, அந்நாட்டுக் கடற்கரையில் கடலோடிகள் தொலைவிலிருந்தே கண்டு மகிழும் கோபுரம் ஒன்றை எழுப்பினர். இன்று நாம் அவர்தம் நாட்டில் குடியிருக்கிறோம்.

சமய நோக்கில் ஒன்று கூறாமல் விடுதல் நேர்மையாகாது. பெரியோர் அடக்கத்தலங்களில் நேர்ச்சை செலுத்துதல் முறையா என்பது குறித்து முஸ்லிம் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் அருள்பவன் இறைவன் ஒருவனே என்பதில் இரு திறத்தாரும் ஒன்றுபடுகின்றனர். அவ்வொருமைப்பாடே நம் கட்டுரைக்குப் போதும்.

பினாங்கில் 1786இலும் சிங்கப்பூரில் 1819இலும் ஆங்கிலேயர் குடியேற்றம் தொடங்கிற்று. சோழ மண்டலக் கரையினின்று சென்ற தமிழ் முஸ்லிம்கள் அங்கே சூலியர் எனப்பட்டனர். வணிகர் சிலர், சுமை தூக்குவோரும் படகோட்டுவோரும் பலர். வங்கக் கடலைக் கடந்து உயிரோடு கரையேறியவர் முதலில் செய்தது யாது? பினாங்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு நினைவில்லம் எழுந்தது. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே மற்றொன்று எழுந்தது. அக்காலத்தில் அத்தெரு கடற்கரையாகவே இருந்தது. அலை வந்து மோதும் இடத்திலேயே நன்றிக் கடனைச் செலுத்தினர். பின்னர்க் கடலைத் தூர்த்தமையால் இன்று கரை நெடுந்தொலைவு விலகிவிட்டது. அருகிலேயே 1827இல் தோன்றிய பள்ளிவாசல் ஒன்று உண்டு. முதலில் கூரைக் குடிசையாக இருந்தமையால் தமிழர் அதனைக் 'குச்சுப் பள்ளி' என்றனர். மாளிகை கட்டும் வரை காத்திருக்கவில்லை அவர்கள். குடிசையிலேயே தொழத் தொடங்கினர்.

அதே தெருவில் சீனத்து ஹொக்கியன் மக்கள் தம் கடல் தெய்வத்துக்கு 1839 முதல் 1842 வரை ஒரு கோயில் எடுத்தனர். அவர்களும் கடலைக் கடந்து உயிர் தப்பியவர்களே. ஒரு தெருவில் இரு நாட்டார் இரு வகையில் ஒரே நன்றியைச் செலுத்தினர். தெலுக் ஆயர் தெரு நாகூர் தர்கா 1974இல் சிங்கப்பூரின் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது.

பாய்க்கப்பல் போய் நீராவிக் கப்பல் வந்த பின்னும் வேண்டுதல் நிற்கவில்லை. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' என்னும் கப்பலை நம் முதியோர் அறிவர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டு அது பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றது. நாகப்பட்டினத்துக்கு அணித்தே நாகூர். அங்கு ஆண்டுதோறும் நடைபெறும் கந்தூரி விழாவில் இன்றும் கப்பல் வடிவில் அமைத்த ரதங்கள் ஊர்வலம் வருகின்றன. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே கூடும் விழா அது. இறைவனை நோக்கிக் கையேந்தச் சொல்லித் தமிழகமெங்கும் ஒலித்த குரலுக்கு உரியவரான நாகூர் இ. எம். ஹனீபா (1925–2015) தம் பெயரோடு இணைத்துக்கொண்ட ஊரும் அதுவே.

இவ்வளவும் கடலைக் கடந்தவர் கதை. கடலே கரையைக் கடந்து வந்த நாளும் ஒன்று உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. எந்தக் கடல் வழியே மரக்காயர் சென்றனரோ அதே வழியே பேரலை நம் கரைக்கு வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் மீனவக் குடும்பத்தினர். பெண்டிரும் பிள்ளைகளும் மிகுதி.

எப்பக்கம் நோக்கினும் பிணங்கள். எடுத்து அடக்கவும் ஆள் இல்லை. அந்நாளில் நாகூர் தர்காவைச் சார்ந்தோர், இறந்தவர் எச்சமயத்தவர் என்று வினவாமல் தம் நிலத்தில் அடக்கம் செய்ய இடம் தந்தனர். வீடிழந்து வந்தோர்க்கு நிழலும் உணவும் தந்தனர். வடக்கே பரங்கிப்பேட்டையில் ஜமாத்தார் மீனவக் குப்பங்களுக்கு ஓடினர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை வள்ளல் சீதக்காதிக்குப் பின் ஆதரித்த அபுல் காசிம் மரக்காயரின் ஊர் அது. அன்று ஊரில் திருமண வீடுகள் இருந்தன. மணவிருந்துக்கெனச் சமைத்த சோறு, அனைத்தையும் இழந்து நின்றவர்களின் பசி தீர்க்கச் சென்றது.

தவக்குல் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ? 'இறைவா, எங்களை ஏன் இவ்வாறு சோதித்தாய்?' என்னும் கேள்விக்கு அன்று எவரிடமும் விடை இல்லை. நம்பிக்கை உடையோர்க்கும் அக்கேள்வி எழுந்திருக்கும், கண்ணீர் பெருகியிருக்கும். ஆயினும் விடை கிடைக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தொழுதெழுந்த கைகள் பிணத்தைத் தூக்கின, சோற்றை அள்ளின. துன்பத்தில் பொறுமை காத்தலையும் தொழுகையையும் துணையாகக் கொள்ளுமாறு அவர்தம் மறை பணிக்கிறது. அப்பொறுமை கைகட்டி இருக்கும் பொறுமையன்று என்பதை அவர்கள் நமக்குக் காட்டினர்.

அன்பர்களே, நம்முள் முருகனை வேண்டி வந்தவர் உளர். வேளாங்கண்ணி மாதாவை வேண்டி வந்தவர் உளர். நாகூரை நினைந்து அல்லாவைத் தொழுது வந்தவரும் உளர். ஆலை வேலைக்கென ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கிய அன்று, மொழி அறியாது நின்ற நமக்கு யாரோ ஒருவர் வழி காட்டினார். யாரோ ஒருவர் தம் அறையில் பாய் விரிக்க இடம் தந்தார். நம் வேண்டுதலுக்கு இறைவன் தந்த விடை பெரும்பாலும் அத்தகைய மனிதர் வடிவிலேயே வந்தது. இன்றும் தாயகத்தினின்று புதியவர் வந்து இறங்குகின்றனர். வாடகை வீடு தேடுகின்றனர். பிள்ளைக்குப் பள்ளி தேடுகின்றனர். நோயுற்றால் யாரை அழைப்பது என்று அறியாது திகைக்கின்றனர். அவர்கள் இன்னும் நடுக்கடலில் இருக்கின்றனர். நாமோ கரையில் நிற்கிறோம்.

தெலுக் ஆயர் தெருவில் குடிசை கட்டியவர்களிடம் செல்வம் மிகுதியாக இருந்ததில்லை, நினைவு இருந்தது. அடுத்த ஆண்டு பல்லக்கு நம் ஆகுர்டியில் வந்து தங்கும்போது, களைத்து வரும் வழிப்போக்கருக்கு ஒரு செம்பு நீர் தரும் நம் கை, ஒரு காலத்தில் நாம் வேண்டி நின்றதையும் நினைந்துகொள்வதாக.