காமிராவுக்குக் காது வந்த கதை

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "உன் தொழிலைப் பத்தியே எழுதுப்பா, ஆனா எங்களுக்கும் புரியற மாதிரி எழுது" என்று நிபந்தனையையும் சேர்த்தே கேட்டார்கள். 1977இல் நம் கல்லூரியில் இயற்பியல் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறியவன் நான். ஓய்வு பெறும் வரை பிழைப்பு முழுக்க ஒலிப்பதிவுதான். காமிரா பிடித்தவரை ஊரே பேசும். மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அந்த மூலையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லுகிறேன்.

இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' 1931 மார்ச்சில் பம்பாயில் வெளியானது. அதை எடுத்த ஸ்டூடியோ ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது. பகலெல்லாம் ரயில் சத்தம். அதனால் பெரும்பாலான காட்சிகளை நடு இரவு 1 மணியிலிருந்து 4 மணி வரை, ரயில் ஓடாத நேரம் பார்த்து எடுத்தார்கள். மைக்குகளை நடிகர்களுக்குப் பக்கத்தில் காமிரா கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். அவர்கள் பயன்படுத்திய டானர் கருவி, படத்தையும் ஒலியையும் ஒரே பிலிமில் பதிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31இல் நம்முடைய 'காளிதாஸ்' வந்தது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். ஜனங்கள் அதையும் ரசித்தார்கள். பேச்சு கேட்டதே பெரிய அதிசயம்!

ஒரே கருவியில் படமும் ஒலியும் என்றால் வேலை சுலபம். ஆனால் படத்துக்குத் தோதான இடம் வேறு, ஒலிக்குத் தோதான இடம் வேறு. ஆகவே பெரிய ஸ்டூடியோக்கள் ஒலிக்குத் தனிக் கருவி வைத்து, பலகையைத் 'டக்'கென்று தட்டி, பிறகு இரண்டையும் பொருத்திக்கொண்டன. அந்தத் தனிக் கருவி ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். அதைத் தோளில் மாட்டும் பெட்டியாக்கியவர் போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் குடியேறிய ஸ்டெஃபான் குடெல்ஸ்கி. 1951இல் அவர் செய்த டேப் ரிகார்டருக்கு 'நாக்ரா' என்று பெயர். போலந்து மொழியில் 'பதிவு செய்யும்' என்று பொருள். காமிராவோடு பிசகாமல் ஓடும் நாக்ராக்கள் அடுத்த சில ஆண்டுகளில் வந்தபின், உலகமெங்கும் படப்பிடிப்பு ஸ்டூடியோவை விட்டு வெளியே நடந்தது.

நம்ம ஊரில் கதை வேறு மாதிரி போயிற்று. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு வசதியான சின்ன காமிராக்கள் வந்தன. ஆனால் அவை ஓடும்போது தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும். பக்கத்தில் மைக் வைத்து என்ன பிரயோசனம்? பிறகு ஸ்டூடியோவில் வைத்துக் குரல் கொடுத்துக்கொள்ளலாம் என்று டப்பிங் பழக்கம் வேர்விட்டது. 2001இல் 'லகான்' படத்தை அந்தந்த இடத்திலேயே ஒலி பதிந்து எடுத்தபோது, அதைப் பெரிய செய்தியாக எழுதினார்கள். டப்பிங்கை நான் குறை சொல்லவில்லை, அதில் மகா கலைஞர்கள் இருந்தார்கள். ஆனால் சினிமாக்காரர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு உண்டு. கல்யாண வீட்டுக்கும் கல்லூரி விழாவுக்கும் அது கிடையாது.

வீடியோ வந்த காலத்துக்கு வருவோம். 1984இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் கல்வி நிகழ்ச்சிகள் தூரதர்ஷனில் தொடங்கின. அந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு யூ-மேட்டிக் டேப்பில் பாடம் எடுத்தவர்களில் நானும் ஒருவன். எங்களிடம் மைக்குகள் உருப்படியாக இருந்தன. வெளியே வி.எச்.எஸ். காமிரா வைத்திருந்த கல்யாண வீடியோக்காரர்களின் நிலைமைதான் பாவம். நாம் பாட்டுக் கேட்ட சாதாரண ஆடியோ கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். வி.எச்.எஸ். நாடாவோ நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான், பாதி வேகம். அதன் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக ஒலி பதியும். போதாக்குறைக்கு ஜெனரேட்டர் சத்தம், பந்தல் ஸ்பீக்கர். அவர்கள் எடிட்டிங்கில் மொத்த ஒலியையும் தூக்கிப் போட்டுவிட்டு சினிமாப் பாட்டை ஏற்றிவிடுவார்கள். நம்மில் பல பேருடைய கல்யாணக் கேசட்டில் தாத்தா பாட்டி வாய் அசைப்பார்கள், குரல் மட்டும் இளையராஜா பாட்டாக இருக்கும்!

1995இல் டி.வி. என்ற டிஜிட்டல் வீடியோ முறை வந்தது. சோனியின் வி.எக்ஸ். 1000 காமிரா அந்த ஆண்டே கைக்கு வந்தது. இந்த முறையில் படத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் நாடாவில் எழுதினார்கள். ஒலியைச் சுருக்கவே இல்லை. நொடிக்கு 48,000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். இசைத்தட்டு சி.டி.யில்கூட 44,100தான். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கேசட்டுக்குள் ஸ்டூடியோவுக்குச் சமமான ஒலி! கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அந்த நாடாக்களில் பதிந்த பேச்சுகளை இன்று போட்டுப் பாருங்கள், பாதிக்கு மேல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரிதான் இருக்கும். நாடா தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அதற்குப் போய்ச் சேர்ந்ததே கிணற்றுச் சத்தம்தான்.

1999இல் நம் செட் சந்திப்பில் கணிதப் பேராசிரியர் பேசியது பலருக்கு நினைவிருக்கும். நான் அப்போது வேலை நிமித்தம் வடக்கே இருந்தேன், வரமுடியவில்லை. "என் குரல் கடைசி பெஞ்சுக்குக் கேக்குதில்ல? அப்புறம் எதுக்கு மைக்?" என்று மேடை மைக்கை ஒதுக்கிவிட்டு நாற்பது நிமிஷம் பேசினாராம். வாடகைக்கு வந்த வீடியோக்காரர் புத்தம் புதிய டிஜிட்டல் காமிராவை ஹாலின் கடைசியில், மின்விசிறிக்கு நேர் கீழே நிறுத்தி, காமிராவின் சொந்த மைக்கிலேயே எல்லாவற்றையும் பதிந்திருக்கிறார். அவரைச் சொல்லி என்ன? எங்கும் அதுதான் வழக்கம். ஐயா 2003இல் காலமான பிறகு அந்த நாடாவை என்னிடம் கொடுத்தார்கள். படம் தெளிவாக இருக்கிறது. ஐயா சுட்டுவிரலை ஆட்டிக்கொண்டு ஏதோ சொல்கிறார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிப்பு கேட்கிறது, எதற்குச் சிரித்தார்கள் என்பது கேட்கவில்லை. மூன்று நண்பர்களிடம் கேட்டேன். மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றுமே ஐயா சொல்லக்கூடியதுதான். இன்றைய மென்பொருளில் போட்டு விசிறிச் சத்தத்தை நன்றாகவே குறைத்துப் பார்த்தேன். சில வாக்கியங்கள் மேலே வந்தன. அந்த வாக்கியம் வரவில்லை.

நம் இயற்பியல் வகுப்பில் படித்த கணக்குதான் இது. வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். ஒரு அடியில் இருக்க வேண்டிய மைக்கை எட்டு அடிக்குக் கொண்டுபோனால் 18 டெசிபல் போச்சு. விசிறியும் எதிரொலியும் மட்டும் இம்மியும் குறையாமல் அப்படியே இருக்கும். இதைக் காமிராவுக்குள் இருக்கும் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு இன்னும் கெடுக்கும். பேச்சு நின்ற இடத்தில் 'ஐயோ, சத்தம் குறைந்துவிட்டதே' என்று அது தானாகவே ஒலியைத் தூக்கும். வாக்கியத்துக்கு வாக்கியம் விசிறி பெருமூச்சு விடும். அதனால்தான் காமிரா வாங்குகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அந்தக் கட்டுப்பாட்டை அணைக்க முடியுமா, ஹெட்போன் செருக ஓட்டை இருக்கிறதா என்ற இரண்டும்தான்.

மைக் வகைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். மேடையில் நாம் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்குக்கு மின்சாரமே வேண்டாம், கீழே விழுந்தாலும் பிழைக்கும். ஆனால் வாயருகே இருந்தால்தான் உண்டு. நீளக் குழாய் மாதிரியான ஷாட்கன் மைக்கைப் பற்றி ஒரு மூட நம்பிக்கை உலவுகிறது. தொலைநோக்கி மாதிரி அது தூரத்து ஒலியை இழுத்துக்கொண்டு வரும் என்று! அது பக்கவாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். சிறு அறையில் எதிரொலி அதிகமானால் அதுவும் கைவிரிக்கும். ஆசிரியர் பேச்சைப் பதிய என் ஓட்டு சட்டையில் குத்தும் சின்ன மைக்குக்கே. 1962இல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்டு செஸ்லர் இருவரும் உருவாக்கிய எலெக்ட்ரெட் முறையில் ஓடுவது அது. உங்கள் தொலைபேசிகளுக்குள் பல காலம் இருந்ததும் அதே வகைதான். மார்பில், முகவாய்க்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் குத்தினால் போதும். புடவை கட்டியவர்களுக்குத் தலைப்பு உரசாத பக்கம் பார்த்துக் குத்தவேண்டும்.

கம்பி விஷயத்திலும் ஒரு வரலாறு உண்டு. மூன்று முள் கொண்ட எக்ஸ்.எல்.ஆர். கம்பியில் ஒரே ஒலி நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பிகளில் வரும். வழியில் சுவரிலிருந்து ஒட்டிக்கொள்ளும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதால், கடைசியில் கழித்துவிடலாம். கண்டென்சர் மைக்குக்கு அதே கம்பியில் 48 வோல்ட் அனுப்புகிறோமே, அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1966இல் நார்வே வானொலிக்கு ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் மைக் செய்து கொடுத்தபோது, அந்த நிலையத்தில் அவசர விளக்குக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். உலகமே இன்றுவரை அதைத்தான் பின்பற்றுகிறது.

நாக்ராவில் பழகிய கைகளுக்கு டிஜிட்டலில் ஒரு பழக்கம் மாறவேண்டியிருந்தது. நாடாவில் முள் கொஞ்சம் சிவப்புக்குள் போனாலும் ஒலி மெதுவாகத்தான் தடிக்கும். சில சமயம் அது காதுக்கு இனிமையாகக்கூட இருக்கும். டிஜிட்டலில் பூஜ்யம் என்றால் கூரை. அதற்கு மேல் போனால் அலையின் தலை வெட்டப்பட்டு 'கர்ர்' என்று கிழியும், திருத்தவே முடியாது. ஆகவே பேச்சின் உச்சம் பூஜ்யத்துக்கு 12 டெசிபல் கீழே நிற்கும்படி வைப்பது நல்லது. கைதட்டலுக்கும் திடீர்ச் சிரிப்புக்கும் இடம் வேண்டுமல்லவா?

2008இல் கேனன் 5டி மார்க் 2 வந்ததும் இன்னொரு சுற்று ஆரம்பித்தது. ஸ்டில் காமிராவில் சினிமா மாதிரி படம்! ஒலி அளவைக் கையால் வைக்கும் வசதி அதற்கு 2010 மென்பொருள் மாற்றத்தில்தான் கிடைத்தது. அதற்குள் பையன்கள் எல்லாம் தனியாக ஒரு சின்ன ரிகார்டர் வாங்கிவிட்டார்கள். கைதட்டிவிட்டு இரண்டையும் கம்ப்யூட்டரில் பொருத்தினார்கள். நாக்ரா காலத்துக் கைத்தட்டு மறுபடி வந்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. ஒரு சங்கதி மட்டும் கவனிக்கவேண்டும். இரண்டு கருவிகளின் கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்துக்கு ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலே, ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகிவிடும். அது நாலரை பிரேம். பேசுகிறவர் உதடு தனி, குரல் தனி என்று ஆகிவிடும். நீண்ட பேச்சுகளில் முடிவிலும் ஒருமுறை கைதட்டிக்கொள்ளுங்கள்.

2019 முதல் 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதியும் கையடக்கக் கருவிகள் பரவின. அதில் கத்தலும் கிசுகிசுப்பும் ஒரே பதிவில் அடங்கும், அளவு தப்பினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் எட்டு அடி தூரத்தை அது ஒரு அடியாக்காது.

நம் சங்கம் இப்போது தொடங்கியிருக்கும் ஆசிரியர் குரல் பதிவுக்கு இதனால்தான் நான் விலையுயர்ந்த காமிரா வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன். படத்துக்கு யாருடைய செல்போனும் போதும். இரண்டு சட்டை மைக், ஒரு ரிகார்டர், காதை மூடும் ஒரு ஹெட்போன், இவ்வளவுக்குத்தான் பணம் கேட்டேன். பதிவுக்கு முன் விசிறியை அணைத்து, பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி, யாரும் பேசாமல் அரை நிமிஷம் வெறும் அறையைப் பதிந்துகொள்கிறோம். பிறகு வெட்டி ஒட்டும் இடத்தில் அந்த அமைதிதான் உதவுகிறது. பிரிட்ஜைத் திரும்பச் செருக மறந்தால் அம்மையார்களிடம் திட்டு வாங்குவது உங்கள் பொறுப்பு.

அடுத்து தாவரவியல் ஐயா. எண்பத்தெட்டு வயது. குரல் சன்னமாகிவிட்டது, ஞாபகம் கத்தி மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு அடுத்த மனையில் ரைஸ் மில். மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை சாப்பாட்டுக்காக மில்லை நிறுத்துகிறார்கள் என்று விசாரித்துவிட்டோம், அந்த நேரத்துக்கு ஐயாவும் சம்மதித்துவிட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் எதிரொலி அதிகம். அந்தப் பக்கம் குடியிருக்கும் நண்பர்கள் யாராவது இரண்டு பெரிய ஜமுக்காளம் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.