கடலோரத்து நீர்வழி

இரயில் வருவதற்கு முன்பே நம் கடலோர ஊர்களுக்குத் தண்ணீரில் ஒரு சாலை இருந்தது. அதுவே பக்கிங்காம் கால்வாய்.

1806-இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்துக்கு இதை வெட்டினார். அரசு 1837-இல் ஏற்றுக்கொண்டது. பின்னர் வடக்கே பழவேற்காடு ஏரியைக் கடந்து ஆந்திரக் கரைக்கும், தெற்கே மரக்காணத்துக்கும் கால்வாய் நீண்டது.

எண்ணூரிலிருந்து ஒடுங்கிய கால்வாயில் வரும் படகு, பழவேற்காட்டில் திடீரெனக் கரை தெரியாத காயலில் இறங்கும். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு கடலை மறைத்து நிற்கும். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இந்த ஏரியில் இறாலும் நண்டும் மிகுதி. பூநாரைகளும் கூட்டமாய் வந்திறங்கும். இங்குள்ள மகிமை மாதா ஆலயம் போர்த்துக்கீசியர் காலத்தது. தொடக்கம் 1515 என்பர். ஒல்லாந்தர் 1613-இல் இங்கே கெல்திரியா கோட்டையைக் கட்டினார்கள். பொன்னேரி வழியாகப் பேருந்தில் மாதாவைத் தரிசிக்கச் செல்லும் நம் பங்குமக்கள் இவ்வேரியை நன்கு அறிவர்.

விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய படகுகள் காற்றிருந்தால் பாய் விரித்து ஓடின. காற்று இல்லாவிடில் கழி ஊன்றவேண்டும். இல்லையேல் கரைமேல் நடந்தபடி ஆட்கள் கயிறுகட்டி இழுக்கவேண்டும். இக்கால்வாயில் மாமல்லபுரம் சென்றதைப் பாடிய பாரதிதாசனும், இழுத்தவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் விடவில்லை.

அதைவிடக் கொடியது தாது வருஷப் பஞ்சம். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்ப் பகுதி 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1877 தொடக்கத்தில் நிவாரண வேலை செய்த ஓர் ஆணுக்கு நாட்கூலி ஒரு இராத்தல் தானியமும் ஓரணாவும்தான். ஊரெங்கும் கண்டனம் எழுந்த பிறகே கூட்டினார்கள். கால்வாய்க்கு வைத்ததோ அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். பசியோடு மண் சுமந்தவர்களை யார் நினைத்தார்கள்?

1960-களின் புயல்களில் கால்வாய் மிகவும் சேதமுற்றது. லாரிகளும் பெருகவே படகுகள் குறைந்தன. ஆயினும் 2004 சுனாமியின்போது அலையின் வேகத்தை வாங்கிக்கொண்டு பல மீனவ ஊர்களைக் காத்தது இதுவே. 2008-இல் இதனைத் தேசிய நீர்வழி 4-இல் சேர்த்தார்கள். சென்னை நகருக்குள்ளோ பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே ஊன்றி நிற்கின்றன. அவற்றுக்கிடையே படகு எப்படிப் போகும் என்பதை அறிந்தவர்கள்தாம் சொல்லவேண்டும்.