கறுப்பினச் சிறுமியரும் கைவினைவழி அறிவியல் கல்வியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கறுப்பினச் சிறுமியரின் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் புழங்கும் கைவேலைகளைக் கொண்டு அறிவியல், கணிதம், பொறியியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் முறை. தலைபின்னுதல், ஒட்டுத்துணிப் போர்வை தைத்தல், கூந்தல் களிம்பு செய்தல் முதலியன இதன் பாடப்பொருள்கள். கைக்குப் பழகிய வேலையில் உறைந்திருக்கும் அறிவியலைச் சிறுமியே கண்டெடுத்து, அதற்குப் பெயரிட்டு, அங்கிருந்து மேலே செல்வது இதன் நெறி.

முன்வரலாறு

அடிமைமுறை நிலவிய காலத்தில் கல்வியே தடுக்கப்பட்டது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740-இல் சட்டமியற்றித் தடைசெய்தது. வடக்கே சுதந்திரக் கறுப்பினத்தார் வாழ்ந்த நகரங்களில் நிலை வேறு. பிலடெல்பியாவில் சாரா மேப்ஸ் டக்ளஸ் (1806–1882) கறுப்பினச் சிறுமியருக்குப் பள்ளி நடத்தினார். சிப்பிகளையும் கனிமங்களையும் சேர்த்துவைத்து, மாணவியர் பார்த்துப் பழக வகைசெய்தார். தோழியரின் நினைவேடுகளில் அவர் நீர்வண்ணத்தில் தீட்டிய மலர்கள் இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்படுகின்றன. 1853-இல் கறுப்பின இளைஞர் கல்விக்கழகத்தில் சேர்ந்து 1877 வரை கற்பித்தார். இடையே மருத்துவக் கல்வியும் பயின்று, கறுப்பினப் பெண்களுக்கு உடலியலும் சுகாதாரமும் போதித்தார். கண்ணால் கண்டு, கையால் வரைந்து கற்கும் வழிக்கு இவரையே முன்னோடியாகக் கொள்வது பொருந்தும்.

இம்முறையின் இரண்டாவது ஊற்று கூந்தல் தொழில். நியூயார்க்கைச் சேர்ந்த லைடா நியூமன் 1898-இல் புதுவகைத் தலைவாரும் தூரிகைக்குக் காப்புரிமை பெற்றார். வாரும்போது சேரும் அழுக்கு இடைவெளிகள் வழியே உள்ளறைக்குச் செல்லும். பின்பக்கத்தைத் திறந்து துடைத்துவிடலாம். மேடம் சி. ஜே. வாக்கர் (1867–1919) 1910-இல் இண்டியானாபொலிசுக்குக் குடிபெயர்ந்து, கூந்தல் தைலத் தொழிற்சாலையும் பயிற்சிக்கூடமும் அமைத்தார். அவருடைய நிறுவனத்தில் பணியாற்றிய மார்ஜரி ஜாய்னர் 1928-இல் கூந்தலைச் சுருளாக்கும் மின்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அழகு நிலையம் என்று பிறர் எளிதாகக் கடந்துபோன இடம், இப்பெண்களுக்கு ஆய்வுக்கூடமாகவும் பட்டறையாகவும் இருந்தது.

கோட்பாடு

கல்வியியலாளர் குளோரியா லேட்சன்-பில்லிங்ஸ் 1990-களில் 'பண்பாட்டுப் பொருத்தமுள்ள கற்பித்தல்' என்னும் கருத்தை வகுத்தார். மாணவர் படிப்பில் தேற வேண்டும். தம் பண்பாட்டை இழக்கக் கூடாது. சமூக அநீதியை அடையாளம் காணவும் கற்க வேண்டும் என்பன அதன் மூன்று கால்கள். செய்து கற்றல் என்னும் கூறு கல்வியியலாளர் சீமோர் பேப்பர்ட்டிடமிருந்து வந்தது. பிறருக்குக் காட்டத்தக்க பொருளொன்றைத் தானே உருவாக்கும்போது அறிவு ஆழமாக வேரூன்றும் என்பது அவர் கொள்கை.

வகைகள்

1. பின்னல் கணிதம்: தலைத்தோலோடு ஒட்டி வரிவரியாகப் பின்னுவது 'கார்ன்ரோ'. சோளக்கொல்லையின் வரிசை என்று பொருள். கரீபியத் தீவுகளில் இதே பின்னலைக் கரும்பு வரிசை என்பர். 'ஆப்பிரிக்கன் பிராக்டல்ஸ்' (1999) நூலின் ஆசிரியர் ரான் எக்லாஷ் இதற்கெனக் கணினிச் செயலி உருவாக்கினார். அதில் ஒரு பின்னலின் வடிவத்தைப் படியெடுத்து நகர்த்தலாம், சுழற்றலாம், சுருக்கலாம். முதல் பின்னல் 10 மி.மீ. என்று கொண்டு ஒவ்வொரு படியையும் 90 விழுக்காடாகச் சுருக்கினால் 9, 8.1, 7.29 என்று பெருக்குத் தொடர் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் 6 பாகை திருப்பினால் 15-ஆம் திருப்பத்தில் வரிசை செங்கோணமாக வளைந்திருக்கும். நெற்றியிலிருந்து காதோரம் வளையும் பின்னலைத் திரையில் கொண்டுவர முயலும் சிறுமி, எண்களை மாற்றி மாற்றித் தானே விதியைப் பிடித்துவிடுகிறாள்.

கணிதவியலாளர் குளோரியா கில்மர் பெட்டிப் பின்னலின் வகிடுகளை ஆராய்ந்தார். வகிடுகள் தலையைச் சிறு சதுரங்களாகப் பிரிக்கும். சதுரங்கள் நேருக்கு நேர் அமைந்தால் வகிடு நெடுங்கோடாக வெளியே தெரியும். ஆகவே செங்கல் சுவர்போல ஒரு வரிசையை அரைக்கட்டம் தள்ளி எடுப்பர். மேல் சதுரத்தின் நடுவிலிருந்து தொங்கும் சடை, கீழ்வரிசை வகிட்டை மறைத்துவிடும். பின்னுபவர் ஏட்டில் படிக்காமலே தளநிரப்பலை அறிந்திருக்கிறார். அவ்வறிவும் கணிதமே.

2. துணி மின்சுற்று: லியா பியூக்லி வடிவமைத்து 2007-இல் விற்பனைக்கு வந்த லில்லிபேட் என்னும் மின்னணுப் பலகையைத் துணியில் வைத்துத் தைக்கலாம், மின்கடத்தும் நூலே கம்பியாகிறது. நேர்முனை நூலும் எதிர்முனை நூலும் துணியின் அடியில் ஒன்றையொன்று தொட்டால் விளக்கு எரியாது. துணியைப் புரட்டிப் பார்த்து, நீண்டுகிடக்கும் முடிச்சுவாலை வெட்டியதும் விளக்கு எரிகிறது. குறுக்குச்சுற்று என்றால் என்னவென்று அதன்பின் சிறுமி மறப்பதில்லை.

3. கூந்தல் வேதியியல்: சுருள்முடியை நேராக்கும் களிம்புகள் சிலவற்றில் சோடியம் ஐட்ராக்சைடு என்னும் கடுங்காரம் உண்டு. அது முடியிலுள்ள கெரட்டின் புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும், தோலையும் புண்ணாக்கும். சிறுமியர் ஷாம்பு முதலியவற்றின் காரத்தன்மையைக் காட்டித்தாளால் அளந்து, மேற்கு ஆப்பிரிக்க ஷியா வெண்ணெயோடு நீரைப் பால்மமாக்கிக் களிம்பு செய்கின்றனர்.

4. ஒட்டுத்துணி வடிவியல்: அலபாமாவின் கீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் பழந்துணியில் தைத்த போர்வைகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுப் புகழ்பெற்றன. சமச்சீர், பரப்பளவு ஆகியவை இவற்றைக் கொண்டு கற்பிக்கப்படுகின்றன.

மாற்றுக் கருத்துகள்

இம்முறை எல்லாச் சிறுமியரையும் பின்னலுக்குள் அடைப்பதாகும் என்றும், அழகுப் பொருள்கள் அறிவியலின் கடுமையைக் குறைக்கும் என்றும் சிலர் கூறுவர். மேற்கண்ட பாடங்கள் இரண்டாம் ஐயத்துக்கு விடையளிக்கின்றன. முதலாவது, பண்பாட்டை ஒப்பனையாக மட்டும் ஒட்டவைக்கும் வகுப்புகளுக்கே பொருந்தும். எதைச் செய்வது என்பதைச் சிறுமியே தேர்ந்தெடுக்கும் இடத்தில் அக்குறை எழுவதில்லை. பின்னலுக்காகவே பள்ளிகளில் கண்டிக்கப்பட்ட பிள்ளைகள் உண்டு. கூந்தலைக் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதைக் கலிபோர்னியா 2019-இல்தான் சட்டத்தால் தடுத்தது. அதே பின்னல் கரும்பலகையில் பாடமாக ஏறுவது அச்சிறுமிக்கு மரியாதையைத் திருப்பித் தருவதாகும்.

இன்றைய நிலை

கிம்பர்லி பிரையன்ட் 2011-இல் தொடங்கிய 'பிளாக் கேர்ள்ஸ் கோட்' முதலிய அமைப்புகள் கறுப்பினச் சிறுமியருக்குக் கணினிப் பயிற்சி அளிக்கின்றன. கைவினைவழி வகுப்புகள் பள்ளிக்குப் பிந்திய மன்றங்களிலும் கோடை முகாம்களிலும் நடைபெறுகின்றன.